திருப்பதியில் பதிப்புரிமை வகுப்பு, நகரியில் ஒரு பிற்பகல்

சித்தூர் நீதிமன்றத்தில் எனக்குத் தெரிந்த இளம் வக்கீல்கள் இரண்டு பேர் போன வாரம் போன் செய்தார்கள். திருப்பதியில் வக்கீல்களுக்கென்று அறிவுசார் சொத்துரிமை பற்றிய வகுப்பாம், சினிமா, கம்ப்யூட்டர் எல்லாம் பாடத்தில் உண்டாம். "மேடம், நீங்க அந்தக் காலத்துலயே இது மாதிரி ஒண்ணுக்குப் போனீங்களாமே, எப்படிப் போனீங்க, எங்க தங்கினீங்க?" என்று கேட்டார்கள். போனில் சொல்லி முடிகிற கதையில்லை. எண்பதுகளின் நடுவில், ஓர் ஆகஸ்டு மாதம், நானும் என் கணவர் ஞானமுத்துவும் போய்வந்த அந்தப் பயணத்தை இங்கே எழுதுகிறேன். கட்டணங்கள் அன்றைய கணக்கு. பாதை இன்றும் ஏறக்குறைய அதேதான்.

முதலில், ஏன் போனோம். அப்போது சித்தூரில் தெருவுக்குத் தெரு வீடியோ கேசட் கடை முளைத்திருந்தது. கள்ள கேசட்டுகளைத் தடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய புதிது. போலீஸ் ஒரு கடைக்குள் நுழைந்து பெட்டி பெட்டியாக கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. கடைக்காரர் என்னிடம் ஓடி வந்தார். எனக்கோ பாகப்பிரிவினையும் வாய்க்கால் தகராறும்தான் தெரியும். அந்தச் சட்டப் புத்தகம் எங்கள் வீட்டில் இல்லை. நீதிமன்ற நூலகத்தில் இருந்த பிரதியில் பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. அந்த நேரத்தில்தான் திருப்பதியில் இரண்டு நாள் வகுப்பு என்று அறிவிப்பு வந்தது. சனி, ஞாயிறு. ஆளுக்கு ஐம்பது ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட.

என் கணவரும் வக்கீல்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வகுப்பில் அவருக்கு நாட்டமில்லை. திருப்பதி லாட்ஜில் தனியாக ஒரு பெண்ணுக்கு அறை தரமாட்டார்கள் என்பதற்காகத்தான் கூட வந்தார்.

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு எட்டு ரூபாய்க்கும் குறைவு. காணிப்பாக்கம் போகிறவர்கள் வழியில் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. சந்திரகிரி தாண்டும்போது மலை பக்கத்தில் வந்துவிடும், ஜன்னலோரம் உட்காருங்கள். எட்டேகாலுக்கு இறங்கினோம். சனிக்கிழமை என்பதால் லாட்ஜ்களில் இடமில்லை. மூன்றாவது லாட்ஜில் மேனேஜர் எங்களை ஏறிட்டுப் பார்க்காமலே, "ரூம்லு லேவம்மா" என்றார். அறை கிடையாது என்று அர்த்தம். கையிலிருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்த பிறகு எப்படியோ மாடியில் ஓர் அறை முளைத்தது. நாள் வாடகை நாற்பது ரூபாய். மொட்டை போட்ட குடும்பங்களுக்கு நடுவே பைபிளோடு நாங்கள் இருவர் மட்டும்.

வகுப்பு ஒரு கல்லூரியின் மாடி அறையில். முப்பது பேர் இருப்போம். சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார், ஐம்பது வயதிருக்கும், கணீரென்ற குரல். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் கொட்டாவி விட்டோம். பிறகு அவர் சாக்பீஸை வைத்துவிட்டு, "உங்களில் எத்தனை பேர் பதிவு செய்தால்தான் பதிப்புரிமை கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன, என் கையும்தான். அவர் சிரித்தார். "தேவையில்லை. எழுதி முடித்த கணமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு சாட்சிக்கு உதவும், அவ்வளவுதான்."

என் பக்கத்தில் இருந்த என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து எழுந்து நின்றார்.

"ஒரு பாட்டு. நாடகத்துக்கு எழுதினது. அச்சுல வரல, பதிவும் பண்ணல. அதுக்கும் உரிமை உண்டா?"

"உண்டு. எழுதினவர் கையெழுத்துப் போட்டு எழுத்துமூலமாக மாற்றித் தந்தால் ஒழிய, அது அவருடையதுதான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டில் சாம்பாரைத் தொடவில்லை.

அந்தப் பாட்டைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் திருமணத்துக்கு முன்பு, அறுபதுகளில், அவர் தேவாலயத்தில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்காக நாடகங்கள் எழுதுவார். மெட்டுப் போட்டு ஆர்மோனியம் வாசித்தவர் நகரியைச் சேர்ந்த ஏகாம்பரம். தறி ஓட்டுகிற குடும்பம், இவரோடு பள்ளியில் படித்தவர், உயிர்ச் சிநேகிதர். ஒரு நாடகத்தில் கிணறு வெட்டுகிற பெண் பாடுவாள்: "வெட்ட வெட்டக் கல்லுதாண்டி, விடிஞ்சா ஊறும் தண்ணிதாண்டி." அந்தப் பாட்டு ஒரு சினிமாவில் வந்தது. வரிக்கு வரி அதே பாட்டு. வேறொருவர் பெயர், கல்லு மட்டும் மண்ணு ஆகியிருந்தது. ஏகாம்பரம் விற்றுவிட்டான் என்று முடிவு கட்டி, அவரோடு பேச்சை விட்டார். பதிவு செய்யாத பாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று நினைத்து வழக்கும் போடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால், "மண்ண வெட்டறதுக்கு எதுக்குடா பாட்டு?" என்று எரிச்சலோடு எழுந்து போவார். நான் ஓடிப்போய் அணைப்பேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடங்களாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

மாலை வகுப்பு முடிந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் சாப்பிடப் போனோம். அளவில்லாத சாப்பாடு நான்கு ரூபாய், பருப்புப்பொடி பிரமாதம். இலைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் கேட்டார்.

"கிரேசு, எழுத்துமூலமா கையெழுத்து வேணும்னு அந்த சினிமாக்காரனுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? அவனாண்ட வக்கீல் இருந்திருப்பானே?"

"இருந்திருப்பாங்க."

"அப்ப ஏன் ஒருத்தனும் என்னாண்ட வரல?"

அவரே இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏகாம்பரம் வந்தான். படம் வர்றதுக்கு முன்ன. கோர்ட் வராண்டாவுல உக்காந்துகினு இருந்தான். சினிமாக்காரனுக்குப் பாட்ட பாடிக் காட்டினான்னு அதுக்கு முன்னமே எனக்குச் சேதி வந்துட்ச்சி. அவன் மூஞ்ச பாக்கப் புடிக்காம பின்பக்கமா எறங்கிப் போயிட்டேன்."

ஏகாம்பரம் எதற்கு வந்தார் என்று இவர் அன்றைக்குக் கேட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை வகுப்பில் வீடியோ கேசட் பற்றிய பாடம். எனக்கு வேண்டியதெல்லாம் அதில்தான் இருந்தது, பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டேன். மதியத்தோடு முடிந்தது. சான்றிதழுக்காக வரிசையில் நிற்கையில் அவர், "நகரி போய்ட்டு ஊருக்குப் போலாமா?" என்றார்.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா பத்து கிலோமீட்டர், பஸ் எப்போதும் உண்டு. அங்கிருந்து அரக்கோணம் போகும் பாசஞ்சரில் நகரிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். டிக்கெட் மூன்று ரூபாய் சொச்சம். புத்தூர் தாண்டினால் வலப்பக்கம், இடப்பக்கம் என்று மலைகள் மாறி மாறி வரும். மூக்கைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையைக் கண்டால் நகரி நெருங்கிவிட்டது என்று பொருள். அவர் எதையும் பார்க்கவில்லை. சான்றிதழைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாகவே வந்தார்.

ஸ்டேஷனில் ஜட்கா வண்டிக்காரரிடம் ஆர்மோனியம் ஏகாம்பரம் வீடு என்று கேட்டோம். "ஆர்மோனியமா? அதெல்லாம் எப்பவோ போச்சி. பவர்லூம் ஏகாம்பரம்னு கேளுங்க, தெலிசிந்தா, புரியுதா?" என்று ஏற்றிக்கொண்டார். இரண்டு ரூபாய். தெருவுக்குள் நுழையும்போதே தறிகளின் சத்தம் காதை அடைத்தது. அந்தத் தெருவில் பேச்சு என்றால் கத்துவதுதான்.

கொட்டகைக்குள் எண்ணெய்க் கையோடு குனிந்திருந்த மனிதர் நிமிர்ந்தார். நரைத்த முடி, மெலிந்த உடம்பு. இவரைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"யாரு... ஞானமா?"

இவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் கையைக்கூடக் கொடுக்கவில்லை. ஏகாம்பரத்தின் மருமகள் எங்களுக்குப் பாய் விரித்து டீ கொடுத்தாள். சிறிது நேரம் மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் கத்திக் கத்திப் பேசினார்கள். பிறகு இவர் கேட்டார்.

"அன்னிக்குக் கோர்ட்டுக்கு எதுக்குடா வந்த?"

ஏகாம்பரம் டம்ளரைக் கீழே வைத்தார். "இத்தினி வருசம் கழிச்சி கேக்கறியா? உன்ன மெட்ராசுக்கு இட்டுனு போகத்தான் வந்தேன்."

"என்ன?"

"திருத்தணியில ஒரு கல்யாணத்துல அந்தப் பாட்ட பாடினேன். சினிமா கம்பெனி ஆளு ஒருத்தன் கேட்டுட்டான். இன்னொரு தபா பாடச் சொன்னான். எழுதினது யாருன்னு கேட்டான். அவன் சித்தூர்ல வக்கீலா கீறான், அவன் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு சொன்னேன். அப்ப அவர இட்டுனு வா, படத்துக்கு இன்னும் நாலு பாட்டு வேணும், அவரே எழுதட்டும்னான். மெட்டுக்கு என்னையும் வெச்சிக்கிறேன்னான்."

ஏகாம்பரம் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"காலைல இருந்து வராண்டாவுல குந்திகினு இருந்தேன். நீ என்னப் பாத்த. பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினு போன. வக்கீலாயிட்டான், தறிக்காரங்கூடப் பேச வெக்கப்படறான்னு நெனச்சிக்கினு வந்துட்டேன். ஆளு வரலன்னதும் அவங்களே எடுத்துப் போட்டுகினாங்க. எனக்கும் ஒண்ணும் தரல."

"வெக்கமா? உங்கிட்டயா?" என்றார் இவர். தறிச் சத்தத்தில் அது ஏகாம்பரத்துக்குக் கேட்டிருக்காது. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ என்னவோ.

அந்த நேரத்தில் மின்சாரம் போனது. தெரு முழுக்க எல்லாத் தறிகளும் ஒரே சமயத்தில் நின்றன. திடீரென்று ஒரு குழந்தை அழுவதும் காக்கை கத்துவதும் கேட்டது. ஏகாம்பரம் தொடையில் மெல்லத் தாளம் தட்டி அந்தப் பாட்டைப் பாடினார். குரல் உடைந்திருந்தது. "வெட்ட வெட்டக் கல்லுதாண்டி" என்று கல்லோடுதான் பாடினார். இரண்டாவது சரணம் எனக்குப் புதிது. சினிமாவில் அதை வெட்டியிருந்தார்கள். என் கணவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். வீட்டில் ஒவ்வொரு முறையும் ரேடியோவை அணைத்தது அவருக்குச் செய்யும் உபகாரம் என்று நினைத்திருந்தேன். ஒரு முறையாவது உட்காரவைத்து, என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்டிருக்கலாம்.

"ஒண்ணு எழுதினா மெட்டுப் போடுவியா?" என்றார் இவர்.

"நீ எழுதுடா. காது கொஞ்சம் மந்தமாயிட்ச்சி, பரவால்ல, கத்திச் சொல்லு."

கரண்ட் வந்தது. தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. நாங்கள் கிளம்பினோம்.

சித்தூர் வந்ததும் சினிமா கம்பெனிக்கு நோட்டீஸ் தயாரித்தேன். ஒவ்வொரு புதுக் கேசட்டும் ஒரு புது மீறல் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள், அந்தப் பாட்டோ அப்போதும் கேசட்டில் விற்றுக்கொண்டிருந்தது. அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "கையெழுத்து கேட்டு ஆள் அனுப்பினாங்க. நாந்தான் போவல. இப்ப எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேஸ் போடறது?" சட்டப்படி அது வாதமே அல்ல. அவருக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகு கோர்ட் லீவு விட்டபோதெல்லாம் நகரிக்குப் போவார். மாலையில் திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும், பையில் காகிதங்கள் இருக்கும். இரண்டு வரி வரும், மூன்றாவது வரி வராது. இருபது வருடம் எழுதாத கை. ஏகாம்பரத்துக்கும் சுருதி பிடிபடாமல் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வருடம் மழைக்காலத்தில் ஏகாம்பரம் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. பாட்டு முடியாமலே போனது. என் கணவரும் இப்போது இல்லை. வீடியோ கடைக்காரர் வழக்கை நான் ஜெயித்தேன். சித்தூரில் அந்தச் சட்டத்தில் முதலில் பழகியவர்களில் நானும் ஒருத்தி என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் வந்தபோதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வகுப்புக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை திருப்பதியில் அறை கிடைப்பது இன்றும் கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சட்டப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், கேள்விகளையும். சொந்தக் கேள்வி இருந்தால் அதையும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். வீட்டில் இன்னொரு வக்கீல் இருந்தால் அவரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

நகரியிலிருந்து கார்வேட்டிநகரம் வழியாகச் சித்தூர் அறுபது கிலோமீட்டர் போல. அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பஸ் ஐந்தரைக்கே போய்விடும், இப்போது எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நகரியில் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. பஸ்ஸைப் பிடிப்பதற்காகப் பாதிப் பேச்சில் எழுந்து வந்தோம்.