மூன்றாம் நம்பர் ஓட்ஸைத் தேடிப் பரளச்சிக்கு

வாய்மூடி இருந்தது போதும். நான்கு தீவன ஓட்ஸ் ரகங்களில் எது அதிக விளைச்சலும் சத்தும் தரும் என்று கரிசல் காட்டில் ஒப்பிட்ட குழுவில் முதலில் நானும் இருந்தேன். கேள்வி கேட்கிறேன் என்று வெளியேற்றினார்கள், மறக்கவில்லை. போன மாதம் அவர்கள் அச்சிட்ட துண்டறிக்கை கைக்கு வந்தது. மூன்றாம் நம்பருக்கு முதலிடம்: எடை மற்றவற்றைப்போல் இரு மடங்கு, புரதம் மட்டும் பாதி. ஒரே பயிரில் இவ்வளவு வித்தியாசமா? உறுத்தியது. மார்கழியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

மதுரையில் காலை 6.10 பஸ். காரியாபட்டியில் டீ பன்னிரண்டு ரூபாய், குடிக்காமலே இருந்திருக்கலாம். 7.40க்கு அருப்புக்கோட்டை, 8.15க்குப் பரளச்சி பஸ். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை, நிழல் கிடையாது.

சோதனைப் பாத்திகள் போன வருடம் பேச்சியம்மாளின் கிணற்றடியில் இருந்தன. மூன்று மாடு வைத்திருப்பவர். மூன்றாம் நம்பர் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அது எங்க சார் மொளச்சுச்சு? வாரவுக வெறும் பாத்தியப் பாத்தா நமக்குத்தான கொறச்சல்? நாத்துச் சோளத்தத் தூவி விட்டேன்."

பயிர் பழுதான இடத்தில் இப்படித் தீவனச் சோளமோ எதுவோ, கையிலிருக்கும் விதையைப் போட்டு மூடுவது இங்கே வழக்கம்தான். ஆனாலும் இது சோதனைப் பாத்தி; ஓட்ஸ் என்று முதலிடம் வாங்கியது சோளம். அறுவடையன்று யாரும் பார்க்கவில்லையா?

"காலைல வாரோம்னாக. அறுத்து, நம்பர் அட்டையக் கட்டி வச்சிட்டேன். வந்தது மதியம் ரெண்டு மணிக்கு. ட்ரைவருதான் எடை போட்டாரு. மாதிரிய நறுக்கிப் பையில போடச் சொன்னாக, போட்டேன். அவுக ஏசிய விட்டு எறங்கல."

துண்டறிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பேச்சு காதில் விழுந்து பக்கத்துக் காட்டுக்காரர் ராசு வரப்பைத் தாண்டி வந்தார்.

"ஏ பேச்சி, சோளமா அது? இந்தத் தாளப் பாத்துத்தான ஒரு ஏக்கர் வெதச்சேன்! பதினெட்டு நாளாத் தண்ணி பாச்சுறேன், பச்சையே தெரியல."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாண்ணே?"

"அச்சுலயே போட்டுருக்கான், ஒன்கிட்ட எதுக்குக் கேக்க?"

அவருக்கு நான்கு கறவை மாடுகள். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவு தண்ணீர். மீதியெல்லாம் முளைக்காத விதைக்குப் போயிருந்தது. பாய்ச்சுவதை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் போய் மோட்டாரை அணைத்தார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துப் போங்கள். திரும்பும் பஸ் 1.40, விட்டால் நான்கு மணிதான். மாடு வைத்திருப்பவர்கள் மூன்றாம் நம்பரை விதைக்காதீர்கள். எந்த ரகமானாலும் அறுத்தவரிடம் கேட்டுவிட்டு விதையுங்கள்.

இதன் கீழே என் பெயரையும் அந்தக் குழுவினர் பெயர்களையும் ருசித்து எழுதியிருந்தேன். என் பெயரைக் கண்டால் பழைய சண்டையைத்தான் பேசுவார்கள். அதற்குள் இன்னொருவர் கிணறு வற்றிவிடும். அழித்துவிட்டேன். பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.