இன்னொரு கண்

பேய் கிடையாது. அப்படியே இருந்தாலும், டோக்கன் வாங்காமல் அது ஸ்கேன் அறைக்குள் வர முடியாது. இதை மாநாட்டுத் தீர்மானம் போல அறிவித்தவர் ஒத்தக்கண் டாக்டர். அவருக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். கண், காது, மூக்கு எதுவும் வைக்கவில்லை.

அவருக்குக் கண் இரண்டும் நலம். பட்டப்பெயர் வேலையால் வந்தது. கர்ப்பிணியின் மூடிய இமைமேல் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை மெல்ல வைத்து, கண்ணுக்குப் பின்னே ஓடும் ரத்தத்தைத் திரையில் பார்ப்பார். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முகடுகள். இரண்டாவது ஓங்கி நின்றால், பின்னாளில் ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வரை போகலாம். மற்றவர்கள் இரு கண்ணும் பார்ப்பார்கள். இவர் வலது கண்ணோடு முடித்துவிடுவார். "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். ரெண்டும் பாக்குறவன் தொடைநடுங்கி."

அன்று மதியம் கட்டிலில் படுத்திருந்தது அவருடைய அக்கா. மூன்றாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை.

உஷ்... உஷ்... என்று மெஷினில் ரத்தம் ஒலிக்க, வலது கண்ணில் அலை அழகாக ஓடியது.

"சுத்தத் தங்கம்க்கா. எந்திரி."

"உன் பின்னாடி நிக்கிறது யாருடா?"

அக்காவின் கண்கள் இரண்டும் மூடியே இருந்தன.

"மெஷின்."

"மெஷினுக்குத் தலை ஈரமா இருக்குமா?"

சிரித்தார். கருவியை எடுத்து மெஷினில் மாட்டினார்.

உஷ்... உஷ்...

மெஷினின் ஒலியை முழுக்கக் குறைத்தார். சத்தம் பின்னாலிருந்து வந்தது.

உஷ்...

"வலது கண்ணைப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்கடா... என் இடது கண்ணைக் காட்டுறாங்க."

திரும்பினார். வெறும் சுவர்.

பிடரியில் ஈரம்.

கருவியை இடது இமையில் வைத்தார்.

பின்னால் கேட்ட சத்தம் நின்றது.

திரையில்... இரண்டாம் முகடு முதலாவதன் தோள்மேல் ஏறி நின்றது.

பெரிய டாக்டர் அன்றே மாத்திரை தொடங்கினார். அக்காவும் தப்பித்தாள், பிள்ளையும் தப்பித்தது. அது பிறகு.

அக்கா வெளியே போன கையோடு நர்ஸம்மாவிடம் விசாரித்தார்.

"தலை ஈரமாவா சார்?" நர்ஸம்மா கட்டிலைப் பார்த்தார். "நீங்க சேர்றதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு. வலது கண்ணு மட்டும் பாத்து, நல்லாருக்குன்னு அனுப்பிட்டாங்க. ஏழாம் மாசம் குளிக்கறப்ப வலிப்பு... கதவை உடைச்சுத்தான் தூக்குனாங்க."

அடுத்த டோக்கன் வந்து படுத்தது. வலது கண் பார்த்தாயிற்று. குறையே இல்லை.

ஒத்தக்கண் டாக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் ஜெல்லை எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் போய் நின்றார்.