ஆவாரம் பட்டையும் என் மூஞ்சியும்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். ஆம்பூரில் ஒருத்தரும் நம்பவில்லை.

நேற்று மருமகள் கையில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். மேலே ஆவாரம்பூ படம். "மாமா, இது நேச்சுரல் ஃபேஸ் பேக். ஸ்கின்னுக்கு ரொம்ப நல்லது" என்கிறாள். யாரிடம்? எழுபதுகளின் கடைசியிலேயே ஆவாரையை முகத்தில் பூசிப் பார்த்த மனிதனிடம்! படித்தது எட்டாவதுதான். ஆனால் தோல் விஷயத்தில் நான் டாக்டருக்கு ஒரு படி மேலே...

மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. நேராக நான் அந்தக் காலத்தில் தோல் பதம்போட்ட டேனரிக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

பட்டைத் தண்ணீர், சுண்ணாம்பு, ஈரத் தோல்... மூன்றும் கலந்த வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. வேலை முடிந்ததும் நம்மோடு சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும்.

அதனாலேயே இரண்டு பெண் வீட்டார் கையை விரித்துவிட்டார்கள். ஒரு வீட்டில் காபி கொடுத்த கையோடு ஜன்னலைத் திறந்தார்கள்.

மூன்றாவது இடம் பேரணாம்பட்டு. பெண் பெயர் சரோஜா. அவளை நான் முன்பே ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்திருந்தேன். தாண்டிப் போய்விட்ட பாயசக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு இரண்டாம் தடவை வாங்கினாள். கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இதுவும் போச்சின்னா என்னால ஆவாதுடா. நீயே பொண்ணு தேடிக்க."

டேனரியில் என்னோடு வேலை செய்த பஷீர் என் தோஸ்த், பக்கத்து வீட்டுக்காரனும்கூட. அவன் சம்சாரத்தை நான் பாபி என்று கூப்பிடுவேன். அவருக்கும் தாய்வீடு பேரணாம்பட்டுதான். அவர்தான் வழி சொன்னார்.

"கடலமாவு, பாலாடை, ஒரு சிட்டிக மஞ்சத்தூளு, எலுமிச்சம்பழம் நாலு சொட்டு. பத்து நிமிசம் வெச்சி கழுவிடுங்க அண்ணா."

"அவ்ளோதானா பாபி?"

"அவ்ளோதான். உங்க மூளைய மட்டும் அதுல கலந்துடாதீங்க."

பத்து நிமிடமா? ஆட்டுத் தோலுக்கே நாங்கள் வாரக்கணக்கில் மெனக்கெடுவோம். ஆவாரம் பட்டையில் ஊறி, கடுக்காய்த் தண்ணீரில் குளித்து, அது கப்பலேறிச் சீமைக்குப் போகும். வெள்ளைக்காரன் தடவித் தடவிப் பார்த்து வாங்குவான். என் தோல் என்ன, ஆட்டுத் தோலைவிடக் கம்மியா?

டேனரியிலிருந்து இரண்டு கைப்பிடி பட்டைத் தூள், ஒரு கைப்பிடி கடுக்காய்த் தூள் எடுத்து வந்தேன். பாபி சொன்ன சாமானோடு சேர்த்தேன். நாலு சொட்டு எதற்கு என்று எலுமிச்சம்பழத்தை முழுசாகப் பிழிந்தேன். எல்லாவற்றையும் அம்மாவின் இரும்புச் சட்டியில் போட்டுக் குழைத்தேன்.

அங்கேதான் விதி விளையாடியது...

எங்கள் மேஸ்திரி தினமும் கத்துவார். "பட்டத் தண்ணியில இரும்பு படக்கூடாதுடா! தோலு மை கணக்கா கறுத்துப் போய்டும்!" ஒரு ஆணி விழுந்தால்கூடப் போச்சு. ஆறு வருடம் கேட்ட பாடம். ஆனால் அது ஆட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூசிக்கொண்டு படுத்தேன். மூன்று மணிநேரம். எழுந்தால் புருவம் தூக்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை. கழுவினேன். மாவு போனது. நெற்றியிலிருந்து தாடைவரை நீலமும் கறுப்புமாக ஏறியிருந்த மையும் தோலின் இறுக்கமும் போகவில்லை.

"அய்யய்யோ, இன்னாடா இது! தார் டின்னுக்குள்ள தலய வுட்டியா?" என்று அம்மா அலறினாள்.

அன்று சாயங்காலமே பெண் பார்க்கப் போனோம். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இன்னா சார், எந்த ஊர்ல நாடகம்?" என்றார்.

பெண் வீட்டில் போண்டா வைத்தார்கள். வாய் அரை இஞ்சுதான் திறந்தது. கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளினேன். பெண்ணின் மாமா ஒரு ஜோக் சொல்ல, வீடே சிரித்தது. நான் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ள ரொம்ப அழுத்தமான ஆளு" என்றார் பெண்ணின் அப்பா.

சரோஜா காபித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. "யம்மா, இவரு மூஞ்சிக்கு இன்னா ஆச்சி?" என்று ரகசியமாகக் கேட்டாள். எல்லோருக்கும் கேட்டது.

நான் துணிந்து சிரித்தேன். 'டப்' என்று ஒரு சத்தம்! கன்னத்தில் விரிசல். தெருவில் போன மாடு நின்று திரும்பிப் பார்த்தது. அந்த வீரத்தைப் பார்த்துச் சரோஜா அந்த இடத்திலேயே சரி சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு எல்லாம் பாட்டிலில் வருகிறது. முகத்துக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, கண்ணுக்குக் கீழே தனியாக ஒன்று. மருமகளின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்... 'பத்து நிமிடத்தில் கழுவவும்' என்று போட்டிருக்கிறது. பாபி சொன்ன அதே பத்து நிமிடம். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் போதும், அதுதான் பியூட்டி பார்லர். பஷீரும் பாபியும் மகனோடு பெங்களூர் போய் ரொம்ப வருடம் ஆகிறது. அந்த வீட்டுக் கதவை இப்போது யார் திறக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

இதுவரை போனில் தட்டி முடிப்பதற்குள் சரோஜா பின்னால் வந்து நின்று முழுசாகப் படித்துவிட்டாள்.

"எப்ப நான் அந்த எடத்துலயே சரி சொன்னேன்? ஒழுங்கா உண்மைய எழுதுங்க."

சரி, எழுதுகிறேன். அது மட்டும் நான் கட்டிவிட்டது. மறுநாள் காலையிலேயே 'வேண்டாம்' என்று ஆள் வந்துவிட்டது. நான் டேனரிக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். தாய்வீட்டுக்குப் போன பாபிதான் சரோஜா வீட்டுப் படியேறி, பட்டை, இரும்புச் சட்டி, எல்லாக் கதையையும் சொல்லியிருக்கிறார். சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "இன்னொருவாட்டி வரச் சொல்லுங்கக்கா" என்றாளாம். மை போக இரண்டு வாரம் ஆனது. இரண்டாம் தடவை போகும் முன் பாபியே குழைத்துப் பூசி, பத்து நிமிடமும் கடிகாரத்தோடு எதிரில் நின்றார்.

அந்தக் கதையைக் கேட்டுமா என்னைக் கூப்பிட்டாய் என்று இன்றைக்குத்தான் சரோஜாவிடம் கேட்டேன்.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு மூஞ்சியவே பதம் போட்டுக்கினு வந்த ஆளாச்சே... இவருக்குப் பொய் பேசல்லாம் வராதுன்னு நம்பிட்டேன்."