பதினேழாம் நம்பர் டோக்கனும் ஒரு ஜோடி செருப்பும்

முதல் நாள்

எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்திக் கன்று நட்டு, அந்தச் சேற்றையும் பறவைகளையும் ஒரு பூங்காவாகக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளை ஆள் எடுத்தது. சூழலியலில் எம்.எஸ்சி. முடித்த கையோடு போய் நின்றேன். எனக்குக் கிடைத்த பதவி 'சேஃப்டி அண்ட் கம்யூனிகேஷன் அசிஸ்டென்ட்'. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாருக்கும் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அம்மா எல்லாரிடமும் "ஆத்துல வேலை" என்று சொல்லிவிட்டாள். அதுதான் சரியாகவும் இருந்தது.

முதல் நாள் புது ஷூ போட்டுக்கொண்டு போனேன். கரையோரம் ஒரு தகர ஷெட். அதன் வாசலில் ஒரு பலகை, பலகையில் இரண்டு வரிசை ஆணி. மேல் வரிசைக்கு 'ஆத்துல' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது, கீழ் வரிசைக்கு 'கரையில'. பழைய நீல பிளாஸ்டிக் பேரலை வட்டமாக வெட்டி, சூட்டுக்கம்பியால் நம்பர் போட்ட டோக்கன் ஆளுக்கு ஒன்று. சேற்றில் இறங்கும்போது உன் டோக்கனை மேலே மாட்ட வேண்டும், கரையேறியதும் கீழே. மூன்று மணிக்கு வேலை முடியும். மூன்றே காலுக்கு, மேல் வரிசை காலியாக இருந்தால் கேட்டைப் பூட்டலாம். ஒரு டோக்கன் தொங்கினாலும் படகு எடுத்துத் தேட வேண்டும்.

பலகைக்கு அடியில் இருபத்திரண்டு ஜோடி செருப்பு வரிசையாகக் கிடந்தன. சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் எல்லாரும் பழைய சாக்ஸ் மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள்.

"இன்னாமே, கல்யாணத்துக்கு வந்துகீறியா? ஷூவக் கயட்டு" என்று ஒரு குரல். அதுதான் தேசம்மாக்கா. கத்திவாக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். எங்கள் நடவு டீமில் பதினேழாம் நம்பர். சின்ன வயதிலிருந்து அந்த ஆற்றில் கையால் துழாவி இறால் பிடித்தவர். அவருடைய செருப்பு நீல ஹவாய். இடது கால் வார் அறுந்துபோய் எங்கிருந்தோ ஒரு மஞ்சள் வாரை எடுத்து மாட்டியிருந்தார்.

சைட் மேனேஜர் சாமுவேல் சார் பலகையைக் காட்டி எனக்குச் சொன்ன ஒரே பாடம்: "எத்தன பேர் உள்ள போனாங்களோ அத்தன பேர் வெளிய வரணும். அவ்ளோதாம்மா உன் வேலை. மத்ததெல்லாம் டெகரேஷன்."

எனக்கு டெகரேஷன்தான் பிடித்திருந்தது.

மூன்று லிட்டர் தண்ணீர்

மாதம் ஒரு தாள் கொண்டுவந்தேன். ஒரு பக்கம்தான். மேலே உடம்பு, நடுவில் பாதுகாப்பு, கீழே 'நம்ம வீடு' என்று கல்யாணம், காதுகுத்து, யாருடைய பிள்ளை பாஸ் என்பதெல்லாம். பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுவேன், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவேன்.

முதல் இதழில் 'வெயிலில் வேலை செய்பவர்கள் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்' என்று எழுதினேன். ஷெட்டில் வைத்த தண்ணீர் கேனைப் பெண்கள் யாரும் தொடவில்லை. இரண்டாம் இதழில் அதையே பெரிய எழுத்தில் போட்டேன். அப்போதும் தொடவில்லை.

தேசம்மாக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் மல்லிகாக்கா. இருவரும் ஒரே டீம், ஒரே சாப்பாட்டு டப்பா. அவர்தான் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குடி குடின்னு எய்திகீற. குடிச்சிட்டு எங்க போறது? ஆமா, நீ எங்க போற?"

நானும் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. சுற்றிலும் சேறு, எதிரே லாரி போகிற ரோடு, ஒரு மறைவு கிடையாது. மூன்றாம் இதழில் 'குடித்துவிட்டு எங்கே போவது?' என்பதையே தலைப்பாகப் போட்டேன். சாமுவேல் சார் படித்துவிட்டுத் தாளைப் பிய்த்து மேலிடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கழிவறை வந்து இறங்கியது. மல்லிகாக்கா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரிப்பன் வெட்டப் போறது யாரு?" என்றார்.

எழுதினால் நடக்கும் என்று அன்றைக்கு நம்பிவிட்டேன். அடுத்து செய்தது அந்தத் திமிரில் செய்தது.

லேட் லிஸ்ட்

மூன்றே காலுக்கு, மேல் வரிசையில் தினமும் இரண்டு மூன்று டோக்கன் தொங்கும். படகோட்டி சேகர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இன்ஜினைக் கிளப்புவார். பாதி வழியில் அவர்களே எதிரே நடந்து வருவார்கள். இதை ஒழிக்கிறேன் என்று தாளில் ஒரு பெட்டி கட்டினேன்: 'இந்த மாதம் தாமதமாகக் கரையேறியவர்கள்'. பெயரோடு.

முதல் பெயர் தேசம்மா. அடுத்த மாதமும் அவரே முதல். நடவு முடிந்து திரும்பும் வழியில் குனிந்து சேற்றைத் துழாவுவார். இறால் போடுகிற ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் தண்ணீருக்கடியில். குழம்புக்கு ஆகும், அது ஒரு காரணம். "கை சொம்மா இருக்க மாட்டேங்குது கண்ணு" என்பார், அதுதான் நிஜக் காரணம்.

என் தாள் வாட்ஸ்அப்பில் கிளம்பிக் குப்பம் முழுக்கப் போய்விட்டது எனக்குத் தெரியாது. ஒருநாள் மதியம் தேசம்மாக்கா என் மேஜைக்கு வந்து நின்றார்.

"எம் பேர எடுத்துடு கண்ணு. மீன் விக்கிற எடத்துல கேக்கறாளுங்க, 'உன்ன பேப்பர்ல போட்டுகீறாங்களாமே, இன்னா திருடின?'ன்னு."

"நேரத்துக்கு வந்துடுங்கக்கா. பேரு தானா போயிடும்."

நல்ல பதில் சொன்னதாக நினைத்தேன். அவர், "பட்ச்சவ நீ. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டார்.

அடுத்த மாதம் பெட்டியில் போட ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. தினமும் மூன்று பத்துக்கே எல்லா டோக்கனும் கீழ் வரிசைக்கு வந்துவிடும். சாமுவேல் சாருக்கே ஆச்சரியம். "எப்படிம்மா திடீர்னு?"

"கம்யூனிகேஷன் சார்" என்றேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அந்த வெள்ளிக்கிழமை

அன்றைக்கு மூன்று பன்னிரண்டுக்கு இருபத்திரண்டு டோக்கனும் 'கரையில'. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஒரு மாதம் முழுக்க ஒரு தாமதமும் இல்லை என்று தாளில் போட, தள்ளி நின்று பலகையை போனில் ஒரு போட்டோ எடுத்தேன். கேட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

எர்ணாவூர் தாண்டும்போது போட்டோவைத் திறந்தேன். பலகை மட்டும் போதும், அடியில் தெரியும் தரையை வெட்டிவிடலாம் என்று விரலை வைத்தேன். தரையில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. நீலம். ஒன்றுக்கு மஞ்சள் வார்.

மறந்துவிட்டுப் போயிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. ஷெட்டிலிருந்து ரோடு வரைக்கும் உடைந்த கிளிஞ்சல், அதற்கப்புறம் கொதிக்கிற தார். அந்த வழியில் யாரும் செருப்பை மறக்க முடியாது. மல்லிகாக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, தேசம்மாக்கா உங்களோட வந்தாங்களா?"

சின்னக் குரலில், "அவ டோக்கன நாந்தான் மாட்டினேன். 'நீ போ, பின்னாலயே வந்துகினு கீறேன்'னா. பேரு வந்துடுமேன்னு... அவ வூடு பூட்டிகீதே. இன்னும் வரலியா?"

"எத்தன நாளா மாட்டுறீங்க?"

"ஒரு மாசமா."

என் சுத்தமான மாதம் அதுதான்.

பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன். சேகர் அண்ணனையும் சாமுவேல் சாரையும் கூப்பிட்டுக்கொண்டே ஆட்டோவில் திரும்பினேன். ஷெட் சுவரில் நானே ஒட்டிய கடல் நீரேற்ற அட்டவணை. ஐந்து மணிக்கு உச்சம். அப்போது மணி நான்கு.

ஓடி வந்த மல்லிகாக்காவும் படகில் ஏறினார். ரோட்டில் லாரி ஹாரன் விடாமல் அலறியது. அந்தச் சத்தத்தில் யார் கத்தினாலும் கரைக்குக் கேட்காது. மல்லிகாக்கா வாயில் கையைக் குவித்து, "அடியே தேசம்மோ!" என்று ஒவ்வொரு வளைவிலும் கூப்பிட்டார். மூன்றாவது நடவுக்குப் பின்னால் இருந்த கிளைக் கால்வாயில் இருந்து, "இங்க கீறேன்டி, கத்தாத" என்று பதில் வந்தது.

நெஞ்சு வரைக்கும் தண்ணீர். நடவுக்கு அடையாளமாக ஊன்றிய மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஆற்றுக்கடியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து மேலே அப்பளம் மாதிரி இறுகியிருக்கும். உடைந்தால் உள்ளே வெறும் கூழ். இறாலைத் துரத்திக்கொண்டு போனவருக்கு வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. முக்கால் மணி நேரமாக அப்படியே நிற்கிறார், தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது.

நான் அவர் கையைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"இஸ்க்காத! இஸ்த்தா காலு மட்டும் உன்னாண்ட வரும், நான் இங்கயே கீறேன்!"

சேகர் அண்ணன் படகில் கிடந்த பலகையைச் சேற்றுமேல் அமுக்கி அதில் முட்டி போட்டார். முங்கி முங்கி, காலை ஒட்டிக் கையை விட்டு, கூழைத் தோண்டித் தோண்டித் தண்ணீரை உள்ளே விட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கால் இளகும். தண்ணீர் தோளைத் தொட்டது. தேசம்மாக்கா மோவாயைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏ கண்ணு, என் டோக்கன் எங்க கீது?"

"கரையிலக்கா."

"அப்ப நான் கர ஏறிட்டேனா? இங்க சிக்கிகினு கீறவ யாரு மே?"

மல்லிகாக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கால் வெளியே வந்தபோது முழங்கால் திரும்பியிருந்தது, கிளிஞ்சல் கிழித்த இடமெல்லாம் ரத்தம். படகில் கிடத்தினோம். இடது கை மட்டும் இறுக்கி மூடியபடி இருந்தது. அதில் பறி. உள்ளே இறால் துள்ளிக்கொண்டிருந்தது.

பெட்டியில் ஒரு பெயர்

திங்கட்கிழமை சாமுவேல் சார் கூப்பிட்டார். "டோக்கன் மாத்தி மாட்டினவங்கள நிறுத்தச் சொல்றாங்க மேல."

"மாட்ட வெச்சது நான் சார்" என்றேன். எப்படி என்றும் சொன்னேன். மீன் விற்கிற இடத்தில் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அத தாள்ல எழுது" என்றார்.

எழுதினேன். லேட் லிஸ்ட் பெட்டியைக் கடைசித் தடவையாகக் கட்டி, அதில் என் பெயரை மட்டும் போட்டேன். யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. மூன்றரை வரைக்கும் யார் வேண்டுமானாலும் இறால் பிடிக்கலாம், ஆனால் ஜோடியாக, என்று சார் புது விதி போட்டார். கேட்டைப் பூட்டும் முன் டோக்கனோடு செருப்பையும் பார்ப்பது என்பது நான் சேர்த்தது.

தேசம்மாக்கா இனி சேற்றில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பலகைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டோக்கன் பார்க்கிற வேலையை அவருக்கே கொடுத்தோம். நல்ல ஏற்பாடு என்று எனக்குப் பெருமைகூட. ஒன்பது நாள் வந்தார். எல்லாரும் இறங்கிப் போவதைப் பார்ப்பார், பிறகு தன் கைகளைப் பார்ப்பார். பத்தாம் நாள் எழுந்துவிட்டார்.

"கரையில குந்திகினு மத்தவளுங்க செருப்ப எண்ணுறதுக்கா பொறந்தேன் நானு? உட்டுடு கண்ணு."

அந்த மஞ்சள் வார்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். வரிசையில் அவர் செருப்பு விடுகிற இடத்தில் ரொம்ப நாள் யாரும் தங்கள் செருப்பை விடவில்லை. கால் கொஞ்சம் தேறியதும் அவர் மறுபடியும் ஆற்றில் இறங்கிவிட்டதாக மல்லிகாக்கா சொன்னார். எங்கள் வேலிக்கு வெளியே, தன் பாட்டுக்கு. அங்கே பலகை கிடையாது.

இப்போது

பூங்காவுக்கு வந்த நிதி நின்றது. தாளும் நின்றது. நான் சிறுசேரியில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் இதே வேலையைச் செய்கிறேன். 'ஹெல்த் கார்னர்' என்று யோகா படம் போடுகிறேன். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கார்டு பார்த்துக்கொள்கிறது. குடிக்க எத்தனை லிட்டர் வேண்டுமானாலும் இருக்கிறது. என்னை "இன்னாமே" என்று கூப்பிட ஆள் இல்லை. சேற்று நாற்றம் சட்டையில் இல்லாமல் வீட்டுக்கு வருவது இன்னும் பழகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நீங்கள் எழுதி ஒட்டுகிற தாளைப் பார்த்து யார் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பயம் இருக்கிற இடத்தில் பலகை எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

சில ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூரில் ரயில் ஏறி, எண்ணூர் தாண்டி, ஆற்றுப்பாலத்தைக் கடப்பதற்காக மட்டும் போகிறேன். கதவோரம் நின்று பார்த்தால் தண்ணீரில் குனிந்த முதுகுகள் தெரியும். எது யார் என்று தெரியாது. எண்ணிக்கொள்வேன். அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, அடுத்த ரயிலில் திரும்பும்போது மறுபடி எண்ணுவேன்.

போன வாரம் போகும்போது பதினொரு பேர். திரும்பும்போது ஒன்பது. மீதி இரண்டு பேர் கரையேறியிருப்பார்கள். ஏறியிருப்பார்கள்தான். பாலத்திலிருந்து பார்த்தால் செருப்பு தெரிவதில்லை.