ஈரம் தாண்டாத குச்சிகள்

எங்கள் குட்டையின் கரை எலி வளையால்தான் உடைந்தது என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நானும் தலையாட்டுவேன். முப்பத்தைந்து வருடமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்துத் தாத்தா போட்ட மண்கரை அது. சர்க்கார் ஏரி அல்ல, எங்கள் பட்டா நிலத்துக் குட்டை. அதனால் அதைப் பார்வையிட எந்த அதிகாரியும் வந்ததில்லை. பாகம் பிரித்தபோது குட்டையும் அதை ஒட்டிய வயலும் அப்பாவுக்கு வந்தன. ஓடை வழியில் கரைக்குக் கீழே இருந்த மஞ்சள் காடும் வீடும் அப்பாவின் அண்ணனான பெரியப்பாவுக்குப் போயின.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், நெடுநாள் கழித்துக் குட்டை நிரம்பியது. அப்பா துணிந்து நெல் நட்டார். எங்கள் வீட்டில் விசேஷ நாளில்தான் நெல்லுச்சோறு. அறுவடை வரை தண்ணீர் நின்றால்தான் அந்த நெல் வீடு வரும்.

ஒருநாள் பெரியப்பா கரையின் அடியில் கசிவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏன்டா தம்பி, கரைக்கடியில ஊறுதே, பாத்தியா? முந்தாநேத்து அந்த எடம் காஞ்சி கெடந்துச்சு."

"மண்ணுக் கரைன்னா ஊறாம என்னங்கண்ணா பண்ணும்? பாகம் பிரிச்ச நாள்ல இருந்து உங்களுக்கு இந்தக் கரை மேலதான் கண்ணு."

"எங்கண்ணு கரை மேல இல்லடா. என் வூடு கரைக்குக் கீழ இருக்குது."

அப்படியே போய், ஈரம் எதுவரை இருந்ததோ அந்த ஓரத்தில் ஐந்து மூங்கில் குச்சிகளை வரிசையாக நட்டார். இதைத் தாண்டி ஈரம் வந்தால் மதகைத் திறந்து பாதித் தண்ணீரை விட்டுவிட வேண்டும் என்றார்.

"செரிங்கண்ணா, தொறந்து உடறேன். பத்து நாள் பாருங்க. தாண்டலன்னா அப்புறம் நீங்க கரைப்பக்கம் வரக்கூடாது" என்றார் அப்பா.

பெரியப்பாவின் மகனும் நானும் ஒரே வகுப்பு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவன், "டேய், இவுங்க கரை ஒண்ணுக்குப் போவுதுடா. எங்கப்பா குச்சி நட்டு அளக்கறாரு" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குத் திருப்பிப் பேச வராது, இப்போதும் வராது. சாயங்காலம் நேராகக் கரைக்குப் போனேன். நடுக் குச்சியைத் தாண்டி நாலு விரல் அளவு ஈரம் வந்திருந்தது.

குச்சியைப் பிடுங்கி, ஈரம் முடிந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நட்டேன். பழைய குழியைக் குதிகாலால் மிதித்து, மேலே புல்லை இழுத்து விட்டேன். மற்ற நாலையும் அதற்குத் தக்கபடி மாற்றினேன். பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அதுதான் எனக்கு வேலை. கோரை அடர்ந்த இடம், அடையாளத்துக்கு ஒரு கல் கூடக் கிடையாது. குச்சி நடந்து போகும் என்று யார் நினைப்பார்கள்?

பத்தாம் நாள் பெரியப்பா வந்தார். குந்தி உட்கார்ந்து, குச்சிகளைத் தாண்டி இந்தப் பக்கம் இருந்த புல்லைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது.

"செரிடா தம்பி. எம்மேலதான் தப்பு. பயந்துட்டேன்."

"கொழந்தைங்ககூட பேய்க்கு இப்பிடிப் பயப்படாதுங்கண்ணா" என்று அப்பா சிரித்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியப்பா சொன்ன சொல்படி கரைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் மகன் எட்டிப் பார்ப்பானே என்று நான் மட்டும் குச்சி மாற்றுவதை நிறுத்தவில்லை.

மழை விடாமல் பெய்தது. ஒரு சாயங்காலம், அதுவரை தெளிவாக ஊறிய தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் வந்தது. வழக்கமாக அங்கேதான் கால் கழுவுவேன். அன்று சேறாக இருந்ததால் குச்சிகளை மாற்றிவிட்டு வேறு இடத்தில் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் முற்பகல், நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது கரை உடைந்தது. பெரியப்பாவின் மஞ்சள் காடு மணலுக்குள் போனது. கன்றுக்குட்டியை அவிழ்க்கப் போன பெரியம்மாவின் மேல் கொட்டகைச் சுவர் சரிந்து இடது கால் முறிந்தது. அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். இன்றும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறார். என்னை எங்கே கண்டாலும் பக்கத்தில் இருப்பவர்களிடம், "இந்தப் புள்ள வாயில்லாப் பூச்சி. ஒரு பொய் சூது தெரியாது" என்பார். நான் காலைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பேன்.

அடுத்த நாள் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் நோட்டோடு வந்து, "இந்தக் கரைய யாரு பாத்துக்கறது?" என்று கேட்டார். பெரியப்பாதான் பதில் சொன்னார்.

"நாங்களேதாங்க பாத்துக்கறோம். தம்பி மேல குத்தமில்லீங்க. குச்சி நட்டு வெச்சி நானும் பாத்தேன், ஈரம் தாண்டல. எலி வளையாத்தான் இருக்கும்ங்க."

வந்தவர் அதையே எழுதிக்கொண்டார். அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்பா தோற்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் அம்மா களி போட்டார். அப்பா வட்டிலைத் தொடவில்லை. அம்மாவிடம் சொன்னார்: "அண்ணன் வர்றத நிறுத்தினாப்பறமும் நான் தெனம் வெடிகாலைல போயிப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒருநாளாச்சும் தாண்டியிருந்தா தொறந்து உட்டிருப்பேன்."

ஊர் வாயை அடைக்க அப்பா சொல்லிப் பழகும் பேச்சு அது என்று நினைத்தேன். அண்ணன் பேச்சை நம்பாத மனிதர் அண்ணன் நட்ட குச்சிகளை நம்பியிருந்தார் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. நல்ல பசி. அம்மாவிடம் இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.