பதினாறு சீட்டு வேனில் மூன்று பேர்

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் போய் "வேன் டெய்லரம்மா எங்க?" என்று கேட்டால், அன்றைக்கு அவர்கள் எந்த ஊரில் நிற்கிறார்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த டெய்லரம்மாவின் பெயர் பவுலின். புருஷன் டேவிட், மகள் மெர்லின், கால் மிஷின் ஒன்று, காஸ் அடுப்பு, தண்ணீர் கேன்கள், துணி மூட்டைகள். இவ்வளவும் ஒரு பழைய பதினாறு சீட்டு வேனுக்குள் அடக்கம். எட்டு வருடமாக அவர்களுக்கு வேறு வீடு கிடையாது.

ஆரம்பத்தில் மலைக்காரர்கள் இதை நம்பவில்லை. வண்டியில் வந்து தைத்துக் கொடுக்கிறார்கள், குடும்பம் கீழே எங்கோ இருக்கும் என்று நினைத்தார்கள். பொழுது சாய்ந்தும் வண்டி கிளம்பாமல், பின்கதவு வழியாகக் குழம்பு தாளிக்கிற வாசனை வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அதற்கு முன்னால் அவர்கள் வடக்கனந்தலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். டேவிட் லாரி ஓட்டினான். முதலில் ஆத்தூர் ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு. பிறகு மக்காச்சோளம். அதற்கும் பிறகு மகாராஷ்டிரா வரைக்கும் போகிற வண்டி. மாதத்தில் இருபது நாள் வெளியில்தான். அது கூடப் பவுலினுக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. வீட்டுக்கு வருகிற நாட்களில் டேவிட் குளிப்பான், சாப்பிடுவான், மகளோடு கொஞ்ச நேரம் பேசுவான். பிறகு தெருமுனையில் நிற்கிற லாரிக்குப் போய் கேபினில் ஏறிப் படுத்துக்கொள்வான்.

ஒரு நாள் மத்தியானம் அவள் கேட்டுவிட்டாள்.

"வூட்ல ஃபேன் ஓடுது. பாய் விரிச்சிக் கெடக்குது. இன்னாத்துக்கு அந்த வேக்காட்டுல போயி படுத்துக்கினு இருக்கீங்க?"

டேவிட் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, "இங்க தூக்கம் வரல பவுலினு. கண்ண மூடுனா யாரோ ஒருத்தர் வூட்ல படுத்துக்கினு இருக்கற மாதிரி இருக்குது" என்றான்.

அவன் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அதனால்தான் அவளுக்கு அது அதிகமாகத் தைத்தது. அன்று சாயங்காலம் எட்டு வயது மெர்லின் அப்பாவுக்கு டீ கொண்டுபோனாள். லாரிக் கதவு உயரம். டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலேயிருந்து ஒரு கை மட்டும் வந்து டம்ளரை வாங்கிக்கொண்டது. வாசலில் நின்று பவுலின் அதைப் பார்த்தாள்.

ரெண்டு மாதம் கழித்து, சங்கராபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் பழைய வேனை விற்பதாகக் கேள்விப்பட்டபோது, பவுலின் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். டேவிட்டுக்கு அவள் என்ன நினைக்கிறாள் என்பதே முதலில் விளங்கவில்லை.

"நீங்க வூட்ல தங்க மாட்டேங்கிறீங்க. நாங்க வண்டிக்கு வந்துடறோம். தையல் எங்க வேணாலும் தைக்கலாம். மலைல டெய்லரே கம்மி. நீங்க ஓட்டுங்க, நான் தைக்கறேன்."

டேவிட்டின் அக்கா நிர்மலாவுக்குத்தான் ஆறவே இல்லை. "பொட்டப் புள்ளய வச்சிக்கினு ரோட்ல குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்றாள்.

"ரோட்ல இல்ல அண்ணி, வண்டில" என்றாள் பவுலின்.

நிர்மலா ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் விலாசம் வேண்டும் என்றபோது, தன் வீட்டு விலாசத்தைக் கொடுத்தவளும் அவள்தான்.

சீட்டுகளைக் கழற்றி, அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதி வாங்கி, கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் பலகை அடித்து, கூரைத் தகரத்துக்கு அடியில் தெர்மாகோல் கொடுத்து, எல்லாம் முடிய நான்கு மாதம் ஆனது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி வண்டி மலை ஏறிய முதல் நாள் மெர்லின் ஒவ்வொரு வளைவிலும் மறுபக்க ஜன்னலுக்கு ஓடினாள். டேவிட் அன்றைக்குத் தூங்கிய தூக்கத்தைப் பவுலின் இப்போதும் சொல்வாள். விடிந்து வெயில் முகத்தில் அடித்த பிறகும் அவன் எழவில்லை. எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

சந்தோஷத்துக்குக் குறைவில்லை. ஒரு வாரம் கடுக்காய் மரத்தடியில் விழிப்பு, அடுத்த வாரம் ஓடைக் கரையில். மெர்லின் அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். லாரி ஸ்டியரிங் பிடித்த கை காஜா எடுக்கவும் கொக்கி வைக்கவும் கற்றுக்கொண்டது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற டிரைவரைப் பார்க்கவே சில பெண்கள் வந்தார்கள். கொரோனா ஊரடங்கில் இரண்டு மாதம் கரியாலூரில் மாட்டிக்கொண்டபோது, பவுலின் கிடைத்த துணியில் எல்லாம் முகக்கவசம் தைத்துக் கொடுத்தாள். ஊர்க்காரர்கள் சாமையும் பலாக்காயும் கொண்டுவந்து வேனுக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களை அங்கே யாரும் வெளியூர்க்காரர்களாக நினைக்கவில்லை.

சிரமமும் கூடவே இருந்தது. குளிக்கப் பின்கதவு இரண்டையும் விரித்து, தார்ப்பாய் கட்டி மறைக்க வேண்டும். கழிப்பறைக்கு ஊருக்கு ஊர் ஒரு வீட்டை நட்பு பிடித்து வைக்க வேண்டும். கருவாடு வறுத்தால் தைக்க வந்த பட்டு ஜாக்கெட்டில் வாசனை ஏறிவிடும். ஒருமுறை கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு அப்படி ஆகி, அதை மூன்று நாள் மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போகக் கொல்லைப்புறம் கிடையாது. யாருக்குக் கோபமோ அவர் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், அங்கிருந்து எழுந்து வரும்வரை மற்றவர்கள் பேசக்கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

மெர்லினின் படிப்புக்காகச் சுற்றைக் குறுக்கிக்கொண்டார்கள். பள்ளி நாட்களில் வெள்ளிமலையை விட்டு வண்டி அதிக தூரம் போகாது. சனி, ஞாயிறில்தான் மணியார்பாளையம், கிளாக்காடு என்று தள்ளிப் போகும். இப்படியே ஆறு வருடம் ஓடியது.

மெர்லின் ஒன்பதாவது படித்த வருடம் டிசம்பர் மாதம் அது நடந்தது. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் சேர்ந்து துணி வந்து குவிந்திருந்தது. லைனிங் துணியும் நூலும் தீர்ந்துபோகவே, ஒரு வியாழக்கிழமை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு இருவரும் வேனோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினார்கள். நாலு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. திரும்பி மலையடிவாரம் வந்தபோது போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். மேலே இரண்டு இடத்தில் மண் சரிந்து மரம் விழுந்திருக்கிறது, எப்போது வழி திறக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

மெர்லினிடம் போன் இல்லை. பவுலின் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். டேவிட் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"இந்த மழைல எத்தினி மைலு நடப்ப?"

"எம் பொண்ணு அங்க தனியா நின்னுக்கினு இருப்பா. உடுங்க."

அப்போதுதான் போன் வந்தது. மெர்லினோடு படிக்கிற ஜீவாவின் அம்மா ஜெயம்மாள் பேசினாள். ஜெயம்மாள் மலைக்காரப் பெண், மரவள்ளியும் சாமையும் வைத்துப் பிழைக்கிற குடும்பம்.

"அக்கா, ஒம் பொண்ணு எங்க வூட்ல ஜீவா கூட இருக்குது. சோறு துன்னுட்டு எழுதிக்கினு இருக்குது. நீ பயப்படாத."

வெள்ளிக்கிழமையும் வழி திறக்கவில்லை. அடிவாரத்தில் ஓரமாக வேனை நிறுத்திவிட்டு, பவுலின் மிஷினில் உட்கார்ந்தாள். மழைச் சத்தத்தில் ஏழு ஜாக்கெட் தைத்து முடித்தாள். தைத்த எதுவும் அவள் நினைவில் நிற்கவில்லை. மூன்று பேரும் பிரியக்கூடாது என்றுதான் இந்த வண்டியில் ஏறினோம், இன்றைக்கு வீடு இங்கே நிற்கிறது, பிள்ளை மலைமேல் இருக்கிறது என்ற ஒரே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பகலில் ஒரு பக்கமாக வண்டிகளை விட்டார்கள். ஜெயம்மாள் வீட்டு வாசலில் வேன் நின்றதும் பவுலின் குதித்து உள்ளே ஓடினாள். மெர்லின் எண்ணெய் தடவிச் சீவிய தலையோடு, ஒரு சின்ன அறையில் சாமை மூட்டைகளுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்துட்டியாம்மா? இந்தப் பாடம் ஒரு பக்கம்தான் இருக்குது. முடிச்சிட்டு வந்துர்றேன்."

பவுலின் அந்த ஒரு பக்கம் முடியும்வரை வாசலில் நின்றாள்.

மறுநாள் கோயிலுக்குப் போய் வந்து சாப்பிடும்போது மெர்லின் சொன்னாள். "அம்மா, எனக்கு ஒரு ரூம் வேணும்."

"இன்னாடி புதுசா?"

"அங்க ரெண்டு நாளும் லைட்டு போட்டுக்கினு எவ்ளோ நேரம் வேணுமோ படிச்சேன். இங்க நான் லைட்டு போட்டா நீங்க ரெண்டு பேரும் தூங்க முடியாது. நீங்க ஒன்னும் சொல்ல மாட்டீங்க. ஆனா பொரண்டு பொரண்டு படுப்பீங்க. நானே அணைச்சிடுவேன்."

மெர்லின் தட்டைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"துணி மாத்தணும்னா அப்பா எறங்கணும். மழைல கூட அப்பா கொடய புடிச்சிக்கினு வெளிய நிக்கறாரு. நான் அவசர அவசரமா மாத்திக்கினு, 'வாங்கப்பா'ன்னு கூப்புடுவேன். ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு மாதிரியா இருக்குதும்மா."

"எல்லாரும் ஒன்னா இருக்கணும்னுதானடி இந்தப் பாடு பட்டுக்கினு இருக்கறேன்."

"நான் இன்னா பிரியணும்னா சொன்னேன்? ஒரு கதவு வேணும்னு சொன்னேன்."

பவுலின் எழுந்துபோய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கி வந்த பிறகும் பேசவில்லை. நான்கு நாள், ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய இடத்தில், அம்மாவும் மகளும் பேசாமலே இருந்தார்கள். தோசை தட்டுக்கு வந்தது, தலை பின்னப்பட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. மகள் சொன்னதில் தப்பு எதுவும் கிடையாது என்பது முதல் நாளே பவுலினுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் அந்தக் குடையை அவள் அன்பு என்று மட்டுமே பார்த்து வந்திருக்கிறாள். வேனுக்குள் அவசரமாகத் துணி மாற்றிய மகளின் கூச்சம் கண்ணில் படவில்லை. கோபம் மகள்மேல் இல்லை, அதைப் பார்க்காத தன்மேல்தான். ஆனாலும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள், மெர்லின் பள்ளிக்குப் போன பிறகு, டேவிட் கொக்கி வைத்துக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"எனக்கு அந்த வூட்ல தூக்கம் வரலன்னு சொன்னப்ப, நீ என்னைத் திட்டல. வூட்டையே மாத்திட்ட. இப்ப அவளுக்கு இங்க தூக்கம் வரல. அவ்ளோதான?"

"அவ சின்னப் புள்ளதானங்க."

"பதினாலு வயசு ஆவுது."

பவுலின் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். நேராக ஜெயம்மாள் வீட்டுக்கு நடந்தாள். சாமை மூட்டை போட்டிருக்கிற அறையைப் பள்ளி நாட்களுக்கு மெர்லினுக்குத் தர முடியுமா என்று கேட்டாள். ஜெயம்மாள் ஒன்றும் யோசிக்கவில்லை. மூட்டைகளை எங்கே நகர்த்துவது என்று மட்டும்தான் யோசித்தாள். "எங்க ஜீவாவும் கூட உக்காந்து நாலு எழுத்துப் படிக்கட்டும்" என்றாள். டேவிட் அன்றைக்கே கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தான். பள்ளி நாட்களில் வேன் அந்த வாசலிலேயே நின்றது. சாப்பாடு மூவருக்கும் வேனில்.

மாசி மாதம் முழுப்பரீட்சை நெருங்கியபோது, மெர்லின் ஒரு சனிக்கிழமை தான் வரவில்லை, படிக்க வேண்டும் என்றாள். சனிக்கிழமைச் சுற்றுக்கு வண்டி முதல்முறையாக அவள் இல்லாமல் கிளம்பியது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில், முதல் ஒன்றிரண்டு மாதங்களையும் மழையில் அடிவாரத்தில் தவித்த அந்த இரண்டு நாளையும் தவிர, பவுலினும் டேவிட்டும் இருவர் மட்டுமாக எங்கேயும் போய்த் தங்கியதில்லை. லாரி இருந்தது, பிறகு குழந்தை இருந்தது. வழியில் டேவிட் வண்டியை ஓரம் கட்டினான்.

"பெரியார் அருவி பக்கம் எத்தினி வாட்டி போயிருப்போம்?"

"கணக்கே இல்ல."

"ஒரு வாட்டியாவது எறங்கி குளிச்சோமா?"

தைக்கக் கொடுத்தவர்கள் காத்திருப்பார்கள் என்று பவுலின் சொல்லிப் பார்த்தாள். பிறகு மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. அவன் சின்ன வயதில் கெடிலம் ஆற்றில் நீந்தியதைச் சொன்னான். இத்தனை வருடத்தில் அதை அவள் கேட்டதே இல்லை.

இப்போது மெர்லின் கள்ளக்குறிச்சியில் பதினொன்றாவது படிக்கிறாள். விடுதியில் தங்கியிருக்கிறாள். விடுதியில் சேர்த்த அன்று அழுதது டேவிட்தான். இனி ஒரு வீடு பார்த்துக் கீழேயே இருந்துவிடலாமே என்று நிர்மலா அடிக்கடி சொல்கிறாள். பவுலினுக்கு அந்த யோசனை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில், முட்டி வலிக்கும்போது, அது வரும். வெயில் அடித்ததும் போய்விடும். என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போன அரைப்பரீட்சை லீவுக்கு மெர்லின் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்குள் ஏறியவள் அப்படியே நின்றாள். அவள் படுக்கிற பலகைமேல் துணி மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"எம் பெர்த்து மேல இன்னாத்துக்கும்மா மூட்ட வச்ச?"

"நீதான ரூம் வேணும்ன."

"ரூம் வேணும்னேன். பெர்த்து வேணாம்னு எப்ப சொன்னேன்?"

மூட்டைகளை ஒவ்வொன்றாக அவளே இறக்கினாள். டேவிட் முன்பக்கம் வாங்கி வாங்கி வைத்தான். பவுலின் அடுப்பைப் பற்றவைத்து, அரிசி எத்தனை டம்ளர் போடுவது என்று ஒரு கணம் நின்று யோசித்தாள். பிறகு தாராளமாகவே போட்டாள்.