கும்பினிச் சிப்பாயின் கண்

நாகலாபுரம் சண்முகராஜ் கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்தவர். கூட இருந்த போலந்துக்காரர் ஒருவர் ஓய்வு நேரத்தில், கட்டைவிரல் உயரங்கூட இல்லாத உலோகச் சிப்பாய்களுக்குப் பெயிண்ட் தீட்டுவார். பழைய போர்களை மேஜைமேல் விளையாட்டாக நடத்துவதற்கான பொம்மைகள் அவை. அந்தப் பித்து சண்முகராஜையும் பிடித்துக்கொண்டது. ஊரோடு வந்து மக்காச்சோளம் போட்ட பிறகும் விடவில்லை. மைசூர்ப் படை, வெள்ளைக்காரக் கும்பினிப் படை என்று பொம்மைகளை வரவழைத்து, பொத்தான் வரைக்கும் தீட்டி, கண்ணாடி பீரோவில் அணிவகுத்து வைத்திருந்தார்.

இதைப் பற்றிப் பேச அவருக்கு இருந்தது ஒரே ஆள், கடம்பூரில் போளிக்கடை வைத்திருக்கும் இசக்கிதுரை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் பொம்மைகளை அருகருகே நிறுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். செய்து விற்பவர்களில் ஒருவர் வார்த்த சிப்பாய் குட்டை, தலை பெருத்திருக்கும். இன்னொருவர் வார்த்தது ஒல்லி, நெட்டை. ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒட்டவே ஒட்டாது.

"குட்டையனுக்குக் காலடியில அட்டை வச்சு ஏத்திருவோம் அண்ணாச்சி" என்பார் இசக்கிதுரை.

"தலைய என்னலே செய்வ?" என்று சிரிப்பார் சண்முகராஜ்.

போன ஐப்பசியில் அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. மக்காச்சோளத்தில் விழுந்த படைப்புழுவுக்கு மருந்தடித்த அசதி என்றுதான் முதலில் நினைத்தார். திருநெல்வேலி டாக்டர் நரம்பு வியாதி என்றார். மாத்திரை கொஞ்சம் தாக்குப்பிடிக்க வைக்கும், குணமாக்காது என்பதையும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கும்பினிச் சிப்பாயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கையை ஊன்றிக்கொண்டார். இடது கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். சட்டைச் சிவப்பு ஒருவழியாகப் படிந்தது. கண்ணுக்கு வைத்த புள்ளி கன்னம் வரை இழுத்துக்கொண்டு போயிற்று. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் இழுத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த இசக்கிதுரை அதைப் பழைய சிப்பாய் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு."

"பொய் சொல்லாதலே."

"மிச்சத்த நான் அடிச்சுத் தாரேன் அண்ணாச்சி. நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க."

சரி என்றார் சண்முகராஜ். இசக்கிதுரையின் பிரஷ் சிப்பாயின் பெல்ட் ஓரத்தில் நிதானமாக நகர்ந்தது. அவருடைய கை ஆடவேயில்லை. சண்முகராஜால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார். எதிரே மழை பொய்த்த கரிசல் பிளந்து கிடந்தது. திரும்பி வந்து பீரோவைத் திறந்துவிட்டார்.

"எல்லாத்தையும் கொண்டு போயிரு துரை. இங்கன இருக்க வேண்டாம்."

இசக்கிதுரை எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். கடைசியில் பழைய துணி சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி, பைக்கில் கட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு சில ஞாயிறுகள் வந்தார். மழை, மக்காச்சோளத்தின் விலை, கடை என்று பேச்சு சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு வருவது குறைந்தது. போனில் பேசுவதும் நின்றுபோனது.

இப்போது பிரஷ் பிடிப்பது இருக்கட்டும், சட்டைப் பொத்தானைப் போடவே சண்முகராஜுக்கு மனைவி வனிதாவின் கை வேண்டும்.

"செத்த நேரம் ஆடாம இருங்க" என்பாள் வனிதா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

"நானா ஆடுதேன்?" என்பார் அவர்.

அவள் அடுத்த பொத்தானைப் போடுவாள்.